படைத்தொழில் விட்டுக் குடித்தொழில் புகுதல்

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நின்று காரைநகர்ப் பக்கமாக நோக்குவோர்க்கு, இடைக்கடலில் மிதப்பதுபோலத் தோன்றும் கடற்கோட்டை புதிய காட்சியன்று. போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டையை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். இலங்கைத் தீவின் உருவம் பன்றித் தொடையிறைச்சியை ஒத்திருப்பதாகக் கண்ட அவர்கள், அதன் குறுகிய முனையில் அமைந்த கோட்டைக்குத் 'தொடையின் குதி' என்னும் பொருள்பட ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பின்னாளில் அது சிறையாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்பின் பிடிபட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர். இன்றோ அது உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதி. அதனை நடத்துவோர் கடற்படையினர். ஆதலின் கடற்கோட்டை படைத்தொழிலை விட்டுக் குடித்தொழில் புகுந்துவிட்டது என்று முற்றாகச் சொல்வதற்கில்லை. அதன் உடை மாறிற்றேயன்றி எசமானர் மாறவில்லை.

கல்லாலான கோட்டைக்கே இம்மாற்றம் இத்துணை அரிதாயின், மனிதர்க்கு அது எளிதாயிருத்தல் யாங்ஙனம்? நமது யூபிலி மலர்களிலே வைத்தியரும் பொறியியலாளரும் நீதவான்களும் நிழற்படத்தோடு இடம் பெறுவர், அது தகுதியே. ஆயின் ஆயுதம் தாங்கச் சென்று, உயிரோடு மீண்டு, இருபத்தைந்து வயதிலோ நாற்பது வயதிலோ ஒரு தொழிலை அகரத்திலிருந்து தொடங்க வேண்டியவரான பழைய மாணவர் இம்மலர்களிற் காணப்படுவதில்லை. அவர்கள் நமது வகுப்பறைகளில் இருந்திலர் என்பதன்று காரணம். அவர்களைப்பற்றி என்ன எழுதுவது என்று நமக்குத் தெரியாமையே காரணம். இக்கட்டுரையில், படைச் சேவையினின்று சிவில் வாழ்க்கைக்கு மாறுதல் என்பது எத்தகைய காரியம், அது எங்கெங்கே தடைப்படுகின்றது, அத்தடைகளை நீக்கப் பிறநாட்டாரும் நம்நாட்டாரும் செய்தவை யாவை என்பவற்றை நம் தீவகத்தைக் கண்முன் வைத்து விளக்க முற்படுகின்றோம்.

தீவகம் போர்வீரர் பூமியன்று. கடலோடிகளும் வணிகரும் இலிகிதர்களும் வாழ்ந்த பூமி. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஊராத்துறையில் வந்திறங்கிய பிறதேச வணிகர்க்குக் காவலளித்தல் பற்றியும், உடைந்த மரக்கலங்களின் பொருளை அரசும் உடையவரும் பங்கிடுதல் பற்றியும் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் நாலிலொரு பங்கே அரசுக்கு. ஏனைச் சரக்காயின் பாதி. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவருவோர்க்கு அரசன் காட்டிய சலுகை அது. ஊர்காவற்றுறை என்னும் பெயரிலேயே காவல் இருக்கின்றது; எனினும் ஊரவர் காத்தது துறையையேயன்றி நாடுகளை அன்று.

நெடுந்தீவின் குதிரைகளையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே பெருக்கினர். பிரித்தானியர் காலத்தின் முற்பகுதியில் லெப்டினன்ட் நோலன் என்னும் படையதிகாரி அத்தீவின் நிருவாகத்தை ஏற்றிருந்தார். படைக்கும் பிரயாணத்துக்குமென வளர்க்கப்பட்ட அக்குதிரைகளின் தேவை அற்றபோது, அவற்றை வேறொரு வேலைக்குப் பழக்குவார் இலராயினர். அவற்றின் வழிவந்தவை இன்றும் வெளியில் மேய்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் தண்ணீரின்றி மடிகின்றன. காணவருவோர் படம்பிடித்துக்கொண்டு செல்கின்றனர்.

இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் நம்மூர் இளைஞர் சிலர் படையிற் சேர்ந்தபோது, 'பட்டாளத்துக்குப் போனவன்' என்னும் சொல் வீட்டாரால் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்பட்டது. அரசாங்க உத்தியோகம் என்றால் மேசையும் நாற்காலியும் என்பதே அந்நாளைய எண்ணம். அதற்கு விலக்கானோரும் உளர். இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியாக 1955ஆம் ஆண்டிற் பதவியேற்று 1959ஆம் ஆண்டு முடியும்வரை அப்பதவியை வகித்தவர் மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். அவர் ஒக்ஸ்போர்ட்டிலே கற்றுப் பாரிஸ்டராகி, வழக்குரைஞராயிருந்தவர்; தொண்டர் படைவழியாக இராணுவத்தை அடைந்தவர். இளைப்பாறியபின் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து முதலிய நாடுகளில் இலங்கையின் தூதுப் பதவிகளை வகித்தார். 1987ஆம் ஆண்டில் இலங்கையின் படை வரலாறு பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். இவரை எடுத்துக்காட்டாகக் காட்டி, 'பார், முயன்றால் முடியும்' என்று இளைஞர்க்குக் கூறுவார் உளர். அது பொருந்தா உவமை என்பதே நம் கருத்து. முத்துக்குமாரு படைக்குப் போகுமுன்னரே பட்டமும் தொழிலும் கைக்கொண்டிருந்தார். அவர் திரும்பிவருவதற்கு ஒரு வாசல் திறந்தேயிருந்தது. நம் கவலை, வாசலே இல்லாத சிப்பாயைப் பற்றியது.

அச்சிப்பாயின் இடர்ப்பாடு யாது? முதலாவது, படையில் அவன் வாழ்க்கை பிறரால் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. எழும் நேரம், உண்ணும் நேரம், உடுக்கும் உடை, போகுமிடம் யாவும் கட்டளையால் அமைந்தன. சம்பளச் சீட்டும் வைத்தியசாலையும் அவனைத் தேடிவந்தன. வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் தானே தேட வேண்டியவனாகின்றான். ஒரு விண்ணப்பப் படிவத்தை எந்தக் கந்தோரில் யாரிடம் கொடுப்பது என்பதே அவனுக்குப் போர்முனையினும் மலைப்பாயிருத்தல் கூடும். இரண்டாவது, பதவி. முப்பது பேருக்குக் கட்டளையிட்டவன், இருபது வயது மேற்பார்வையாளனிடம் 'ஐயா' என்று நிற்க வேண்டி வருகின்றது. இதனை அகந்தை என்று ஒதுக்குதல் எளிது. ஆயின் பலர் மூன்றாம் மாதத்திலே வேலையை விட்டு வீடுசெல்வதற்கு இதுவே உண்மைக் காரணமென்று அறிந்தோர் கூறுவர். மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, அவன் கற்றவை எழுத்தில் இல்லை. கடலில் இரவு வழிகாணத் தெரியும். நின்றுபோன டீசல் யந்திரத்தை இருட்டிலே கழற்றிப் பூட்டத் தெரியும். காயப்பட்டவனின் குருதியை நிறுத்தத் தெரியும். அவற்றைத் தெரியும் என்று சொல்லும் கடதாசி இல்லை. சிவில் உலகம் கடதாசியை நம்புவது. அதனைக் குறைகூறியும் பயனில்லை, ஏனெனில் முன்பின் அறியாதவனை நம்புவதற்கு அதற்கு வேறு வழியில்லை.

இதனைப் பெருமளவில் எதிர்கொண்ட நாடு அமெரிக்கா. ஏறக்குறைய ஒரு கோடியே அறுபது இலட்சம் பேர் படையினின்றும் திரும்பவிருந்த நிலையில், ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மீள்வோர்க்கான சட்டமொன்றில் ஒப்பமிட்டார். கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டொலர் வரையும், வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படியும், வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும் கடனுக்கு அரசாங்கப் பிணையும் வழங்கப்பட்டன. பல்கலைக்கழகத்தார் மகிழ்ந்தனரோவெனின், இல்லை. சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், ஹாவர்ட் தலைவர் கோனன்ற் போன்ற பேரறிஞரே தரம் கெடும் என அஞ்சினர். நடந்தது வேறு. முதிர்ந்த வயதினரும் மணமானோருமாகிய அம்மாணவர் இளையோரினும் நன்றாகக் கற்றனர். 1947ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்லூரி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்களே.

ஆயினும் இக்கதையிற் பலர் கவனியாத பகுதி ஒன்றுண்டு. 1956ஆம் ஆண்டுவரை இச்சட்டத்தாற் பயிற்சி பெற்ற ஏறத்தாழ 78 இலட்சம் பேரில் பல்கலைக்கழகம் சென்றோர் 22 இலட்சம் அளவினரே. எஞ்சியோர் தொழிற்பாடசாலைகளிலும், பட்டறைகளில் வேலையோடு பயிற்சியிலும், பண்ணைகளிலும் கற்றனர். வேலை செய்துகொண்டே கற்பவனுக்கும் படி கொடுக்கப்பட்டமையே இதன் நுட்பம். அச்சட்டத்தின் கறையையும் மறைத்தலாகாது. அதன் நடைமுறை உள்ளூர் அதிகாரிகள் கையிலும் வங்கிகள் கையிலும் விடப்பட்டமையால், தென்மாநிலங்களிற் கறுப்பின வீரர் பலர்க்கு ஏட்டிலிருந்த உரிமை கைக்கு எட்டவில்லை. ஒரே சட்டம், ஒரே யுத்தம், இரு வேறு பயன்.

பிரித்தானியர் வேறொரு வழியைக் கண்டனர். யார் முதலில் வீடு செல்வது என்பதை வயதும் சேவைக்காலமும் கொண்டு வகுத்தனர்; செல்வாக்கால் முந்துவதற்கு இடம் வைத்திலர். யுத்தத்துக்கு முன் செய்த வேலையை மீளப் பெறும் உரிமையை 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதி செய்தனர். விடைபெறும் ஒவ்வொருவனுக்கும் ஒரு சோடிச் சிவில் உடையும் கொடுத்தனர். அவ்வுடையின் தையலைப்பற்றி நகையாடாதார் இல்லை. எனினும் நேர்முகப் பரீட்சைக்கு அணிந்துசெல்ல ஓர் உடை வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்த அதிகாரியை நாம் மதிக்கின்றோம்.

அயலிலுள்ள தமிழ்நாட்டை நோக்குவோம். இந்திய இராணுவத்துச் சிப்பாய் பலர் பதினைந்து, பதினேழு ஆண்டுச் சேவையின்பின் முப்பதின் பிற்பகுதியிலேயே வீடு திரும்புவர். மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளில் அவர்க்கு ஒதுக்கீடு உண்டு: 'சி' பிரிவிற் பத்து வீதம், 'டி' பிரிவில் இருபது வீதம். தமிழ்நாடு அரசு 1986ஆம் ஆண்டில் முன்னாள் படைவீரர் கழகமொன்றை நிறுவியது. 'டெக்ஸ்கோ' என்பது அதன் சுருக்கப் பெயர். அதன்வழி ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். எவ்வேலை? பெரும்பாலும் காவல் வேலை. மின்நிலைய வாசலிலும் அலுவலக வாசலிலும் நீலச் சீருடையோடு நிற்பவர், ஒருகாலத்தில் சமிக்ஞைப் படையில் வானொலிக் கருவி திருத்தியவராயிருத்தல் கூடும். வேலை கிடைத்தது நன்று. ஆனால் அவர் கற்ற தொழில் எங்கே போயிற்று? துப்பாக்கி பிடித்தவன் வாசல் காப்பதற்கே உரியவன் என்னும் நினைவு எல்லா நாட்டிலும் உண்டு. கடலிலும் அப்படியே: சோமாலியக் கடற்கொள்ளையர் காலத்தில் இலங்கைக் கடற்படையினின்றும் நீங்கிய பலர், வணிகக் கப்பல்களிலே ஆயுதக் காவலராகச் சென்றனர். கொள்ளை தணிந்ததும் அவ்வேலையும் தணிந்தது. இந்தியா 2022ஆம் ஆண்டில் கொண்டுவந்த அக்கினிபாதைத் திட்டத்தின்படி நான்காண்டு முடிவில் நூற்றுக்கு இருபத்தைவர் வரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் இருபதின் முற்பகுதியில், ஓய்வூதியமின்றி, ஒரு தொகைப் பணத்தோடு வெளிவருவர்.

இனி நம்நாடு. இலங்கை இராணுவத்தில் சாதாரண நிலையினர் ஓய்வூதியம் பெற 22 ஆண்டுகள் சேவை செய்தல் வேண்டும். பத்தொன்பது வயதிற் சேர்ந்தவன் நாற்பத்தொரு வயதில் வெளிவருகின்றான். மூத்த பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதும் காலம் அது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போது 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட தொகையை 2024ஆம் ஆண்டில் 135,000 ஆகவும் 2030ஆம் ஆண்டில் ஒரு இலட்சமாகவும் குறைப்பதென அரசாங்கம் அறிவித்தது. நாட்டின் கடன்சுமையை நோக்கின் அது வேண்டியதே. ஆனால் வெளிவருவோர் எங்கே செல்வர் என்னும் வினாவுக்கு விடை அவ்வறிவித்தலில் இருந்ததாகத் தெரியவில்லை. விடை இல்லாதபோது நேர்வதை 2024ஆம் ஆண்டில் கண்டோம். உருசியாவிலும் உக்ரேனிலும் நல்ல சம்பளத்தில் வேலை என்று தரகர் கூறியதை நம்பி முன்னாள் படையினர் நூற்றுக்கணக்கானோர் சென்றனர்; யுத்தமுனையில் நிறுத்தப்பட்டனர். குறைந்தது 16 பேர் மாண்டதாக அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கமே கூறிற்று. குடித்தொழில் கிடையாதவனைப் படைத்தொழில் மீண்டும் தேடிப் பிடித்துக்கொள்கின்றது.

விடுப்பின்றிப் படையை விட்டு ஓடியோர் நிலை இன்னும் இடரானது. அவர்கள் கையில் விடுவிப்புப் பத்திரம் இல்லை; முறையான வேலைக்கு விண்ணப்பிக்கவே அஞ்சுவர். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில் முப்படைக்கும் பொதுமன்னிப்புக் காலம் வழங்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் முன்வந்து முறைப்படி விலகினர். அவர்கள் கேட்டது பணமன்று, அப்பத்திரமே.

இதுவரை கூறியவை அரசின் படையினரைப் பற்றியன. நம் பகுதியில் இவ்வினா வேறொருவர் வடிவிலே வாயிலுக்கு வருகின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழப் பன்னீராயிரம் முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். விரும்பிச் சேர்ந்தோரும் வலிந்து சேர்க்கப்பட்டோரும் அவருள் இருந்தனர். அவர்களைப் படையினர் என்று அழைப்பதா என்பது அரசியலார் வழக்கு. அவ்வழக்கை நாம் ஈண்டு எடுத்தோமில்லை. தொழில் தேடும் இடத்தில் இருசாராரின் இடர்ப்பாடும் ஒரே தன்மைத்து. உலக மன்றங்களும் 'ஆயுதம் களைதல், படை கலைத்தல், சமூகத்தில் மீளச் சேர்த்தல்' என்று மூன்று படிகளாகவே இதனை வகுத்துப் பேசுகின்றன. முதலிரண்டும் சில மாதங்களில் முடிவன. மூன்றாவது முடிவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். பணம் வருவதோ முதலிரண்டுக்கே.

அப்பன்னீராயிரவரில் 594 பேர் சிறுவர். அவருள் ஒரு பகுதியினர் இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, அங்கே விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து, பொதுத் தராதரப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். 2010ஆம் ஆண்டிற் பெற்றோரிடம் சேர்ந்தனர். ஓர் இந்துக் கல்லூரி, போர்முனையிலிருந்து வந்த பிள்ளைகளை மேசையில் இருத்தி அட்சரகணிதம் கற்பித்தது என்பதை இம்மலரில் எழுதிவைக்க விரும்புகின்றோம். கல்லூரிகளின் வரலாறு எழுதுவோர் கிரிக்கெற் வெற்றிகளை மறவாது எழுதுகின்றனர்.

வளர்ந்தோர்க்கு மேசன் தொழில், தச்சு, மின்னிணைப்பு, ஒட்டுவேலை, தையல் முதலியன கற்பிக்கப்பட்டன. பயன் இல்லாமற் போகவில்லை. எனினும் பலர் சந்தித்த தடை பயிற்சிக்கு அப்பாற்பட்டது. புனர்வாழ்வுச் சான்றிதழைக் காட்டினால் வேலை கொடுப்போர் அஞ்சினர்; காட்டாவிடின் இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்டனர். விசாரணைக்கு வருவோர் வேலைத்தலத்துக்கும் வந்தால் அடுத்த மாதமே வேலை போயிற்று. வன்னியில் ஆயிரக்கணக்கானோரைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சேர்த்துக்கொண்டது. ஏனைய முன்பள்ளி ஆசிரியைகள் பெற்றதினும் பன்மடங்கு சம்பளம், குடும்பங்கள் பசியாறின. ஆனால் அத்திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்தது. கடற்கோட்டையைப்பற்றி நாம் முதலிற் கூறியது ஈண்டும் பொருந்தும்.

நமது குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பண்டகசாலைப் பொறுப்பாளர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் சபையில் நாம் இருந்தோம். தீவகத்தைச் சேர்ந்த ஒருவர், தெளிவான கையெழுத்தில், தாம் இருந்த இடத்தையும் பெற்ற புனர்வாழ்வையும் மறையாது எழுதியிருந்தார். பொருட்கணக்கு வைத்த அனுபவமும் உண்டென்றார். அவ்விண்ணப்பத்தை நாம் வாசித்தோம், கீழே வைத்தோம், அடுத்ததை எடுத்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. தெரிவானவர் ஆறு மாதத்திற் கணக்கைக் குழப்பிவிட்டுப் போனார் என்பதன்று நாம் வருந்துவது. வாசித்துவிட்டுக் கீழே வைத்ததற்கு ஒரு காரணமேனும் நாம் ஒருவரையொருவர் கேட்டோமில்லை. உண்மை எழுதியவரை உண்மைக்காகவே ஒதுக்கினோம்.

இனி, கற்ற தொழிலைக் கடதாசியாக்கும் முறையை விளக்குவோம். அனலைதீவிலோ நயினாதீவிலோ பிறந்து, ஏழாண்டுகள் படகு யந்திரங்களோடு வாழ்ந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் எப்படையிலிருந்தார் என்பது இவ்விடத்து வேண்டா. இந்நாட்டிலே தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழுபடி முறை ஒன்றுண்டு. முதல் நான்கும் சான்றிதழ்ப் படிகள்; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழாவது பட்டத்துக்கு நிகர். பாடசாலைச் சான்றிதழ் குறைந்தவரும் இவ்வேணியில் ஏறலாம். இதற்கு இரு வாயில்கள். ஒன்று பயிற்சி நிலையத்திற் சேர்ந்து கற்றல். மற்றது, முன்னரே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்குதல். நம்மவர்க்கு உகந்தது இவ்விரண்டாவது. ஆயின் அதனை அறிந்தோர் மிகக் குறைவு.

இரண்டாவது வாயிலிற் புகுவோர் வகுப்பில் இருக்க வேண்டியதில்லை. தாம் செய்த வேலைகளின் பதிவொன்றைத் தொகுத்து விண்ணப்பித்தல் வேண்டும். மதிப்பீட்டாளர் அப்பதிவை ஆராய்ந்து, நேரில் வினாவி, கருவிகளைக் கையிற் கொடுத்துச் செய்வித்துப் பார்ப்பார். 'எனக்கு எஞ்சின் தெரியும்' என்னும் சொல் அங்கே செல்லாது. எரிபொருட் குழாயில் காற்றுப் புகுந்தால் எவ்வாறு அகற்றுவாய், யந்திரம் சூடேறினால் முதலில் எதைப் பார்ப்பாய், உப்புநீர் பட்ட பகுதிகளை எப்படிக் காப்பாய் என்று வினவப்படும். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராமையே பலர் தவறும் இடம். படையிற் கற்றவன் பொருள்களைத் தன் குழுவின் வழக்குச் சொற்களால் அறிவான். தொழில்நூற் பெயர் அறியான். பாடநூலைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஆசிரியர் ஒருவர் ஒரு மாதம் மாலையில் உடனிருப்பின் அக்குறை தீரும். நான்காம் படி கிடைத்துவிடின், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவற்றில் மேற்படிப்புக்கு வழியுண்டு. கடல்சார் கல்விக்குச் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கின்றது.

வணிகக் கப்பலை நாடுவோர் வேறொரு விதியை அறிதல் வேண்டும். கப்பலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், காவல்முறை பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1978ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டு, 1995ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது. அதன்படி கடலில் உயிர்தப்பும் முறை, தீயணைப்பு, முதலுதவி, தற்காப்பும் பொறுப்பும் என்னும் அடிப்படைப் பயிற்சிகளும், வைத்தியச் சான்றும், கப்பலோடிப் புத்தகமும் இன்றிக் கப்பலில் ஏற முடியாது. போர்க்கலத்தில் எத்தனை ஆண்டு கழித்திருப்பினும், அதிகாரி நிலைச் சான்றிதழுக்கு அச்சேவைக்காலம் முழுவதும் அப்படியே எண்ணப்படுவதில்லை. வணிகக் கப்பலில் குறித்த காலம் இருந்து பரீட்சை சித்தியடைதல் வேண்டும். இதனை முன்னரே அறியாது தரகரிடம் பணமிழந்தோர் உளர். கடற்படையை விட்டு விலகுமுன், சென்ற கலங்கள், நாட்கள், செய்த கடமை என்பவற்றை ஒப்பத்தோடு எழுத்திற் பெற்றுக்கொள்ளல் அறிவுடைமை. விலகியபின் அதனைப் பெறுவது பன்மடங்கு கடினம்.

எல்லாரும் கப்பலேற வேண்டுமென்பதுமில்லை. 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டார் உதவியோடு அன்ரனி இராசேந்திரம் என்னும் யாழ்ப்பாணத்தவர் தோற்றுவித்த சீநோர் நிறுவனம், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டுந் தளமும் அமைத்தது. கண்ணாடியிழைப் படகு நம் கடலுக்கு வந்த வரலாற்றில் அதற்குப் பெரும்பங்குண்டு. அங்கே பயிற்சி, கூலி, விற்பனை மூன்றும் ஒரே முற்றத்தில் இருந்தன. பிற்காலத் திட்டங்களில் பயிற்சியை ஒருவரும், கடனை இன்னொருவரும் கொடுத்து, சந்தையை யாரும் கொடாமல் விட்டமையால், தையல் கற்றோர் வீடுதோறும் தையல் இயந்திரம் இருந்தும் தைப்பதற்குத் துணியில்லை. கடனுக்குப் பிணைநிற்க இரு அரசாங்க உத்தியோகத்தர் வேண்டுமென்று வங்கி கேட்குமாயின், முன்னாள் போராளிக்கு அவ்விருவர் எங்கிருந்து வருவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

அவ்விருவர் நம்முள் இருக்கின்றனர். பழைய மாணவர் சங்க உறுப்பினரில் உத்தியோகத்தர் உளர். இயந்திரப் பட்டறை உடையோர் உளர். குறிகாட்டுவானிலிருந்து படகு விடுவோரும் உளர். தம்மிடம் ஈராண்டு வேலை செய்த ஒருவன் விலகும்போது, அவன் எந்த யந்திரத்தை எத்தனை முறை பழுதுபார்த்தான் என்று நாட்களோடு, தமிழில், ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுப்பது எப்பட்டறையாருக்கும் இயலும். 'நல்ல பிள்ளை, நேர்மையானவன்' என்னும் நற்சாட்சிப் பத்திரம் மதிப்பீட்டாளருக்கு உதவாது. 'நாற்பது குதிரைவலு வெளியிணைப்பு யந்திரம், பன்னிரண்டு முறை முழுமையாகக் கழற்றிப் பூட்டினான்' என்பது உதவும்.